ஆளில்லாத இரண்டு சீசன்கள்

குற்றால அருவிகளில் குளிக்க 2020 மார்ச்சில் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடை டிசம்பர் நடுவில்தான் நீங்கியது. 2021 ஏப்ரலில் மறுபடி தடை வந்தது. அது டிசம்பர் 20 வரை நீடித்தது. இடையில் இரண்டு சாரல் காலங்கள் வந்து போயின. இரண்டிலும் தண்ணீருக்குக் குறைவில்லை. பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் விழுந்த நாட்களிலும் கீழே நின்றவர்கள் காவலர்கள் மட்டுமே. கொரோனாக் கால ஊரடங்கு அவ்வளவு கடுமையாகத் தேவைப்பட்டதா என்ற கேள்வி உலகம் முழுக்க இன்றும் விவாதிக்கப்படுகிறது. தென்காசிப் பகுதியில் அந்தக் கேள்விக்கு ஒரு தெளிவான உருவம் உண்டு: திறந்த வெளியில் விழும் ஓர் அருவியை இரண்டு ஆண்டுகளில் பதினாறு, பதினேழு மாதங்கள் அடைத்து வைத்தது எதைக் காப்பாற்றியது, எதை அழித்தது?

குற்றாலத்தை அறியாதவர்களுக்கு முதலில் அதன் கணக்கைச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே புகும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள்தான் சீசன். மலைக்கு மேற்கே கேரளத்தில் கொட்டும் மழையின் மிச்சம் இந்தப் பக்கம் சாரலாகத் தூவும். சிற்றாறும் மலையோடைகளும் நிரம்பிப் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று இறங்கும். தங்கும் விடுதிக்காரர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், துண்டும் நிக்கரும் விற்பவர், நேந்திரங்காய் சிப்ஸ் போடுபவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து உட்காரும் பழக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பிரானூர் பார்டரில் இரவெல்லாம் பரோட்டா வீசும் மாஸ்டர் ஆகிய அனைவருக்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த மூன்று மாதங்களில் வந்தாக வேண்டும். அடுத்து கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். அவ்வளவுதான். நெல்லுக்கு ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் உண்டு. சீசன் வியாபாரிக்கு ஆடி போனால் அடுத்த ஆடிதான். கடையை ஏலத்தில் எடுத்தவர் அந்தப் பணத்தைப் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கித்தான் கட்டியிருப்பார்.

ஊரடங்கு வந்த விதம் நினைவில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் நோயாளி மார்ச் 7 அன்றே கண்டறியப்பட்டிருந்தார். மார்ச் 22 ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நள்ளிரவு முதல் 21 நாட்கள் நாடு முழுவதும் முடக்கம் என்றார். 130 கோடிப் பேருக்குக் கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம். அன்று இந்தியாவில் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 500. உத்தரவுக்குச் சட்ட அடிப்படையாக நின்றவை 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும், பம்பாய் பிளேக்குக்காக வெள்ளையர் 1897-இல் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டமும். பின்னது, இயற்றப்பட்டபோது நான்கே பிரிவுகள் கொண்டது; அரசுக்கு அதிகாரம் தரும் அந்தச் சட்டத்தில், அடைக்கப்படுபவருக்கு அரசு செய்ய வேண்டியது என்ன என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. பின்னால் வந்த பல துன்பங்களின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தென்காசி மாவட்டத்துக்கு அப்போது வயது நான்கு மாதம். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்றுதான் தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டிருந்தது. அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. நிலைமை மோசமான நோயாளியை ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பாளையங்கோட்டை உயர்சிறப்பு மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். தொடக்க வாரங்களில் சளி மாதிரியும் அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கே போனது. மேற்கே புளியரைச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கேரளம்; இந்தியாவின் முதல் நோயாளி ஜனவரி 30 அன்று கண்டறியப்பட்டது அந்த மாநிலத்தில்தான். கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் ஏராளம். ஏப்ரலில் புளியங்குடியில் தொற்று பரவியது; தெருக்கள் தகரமும் மூங்கிலும் வைத்து அடைக்கப்பட்டன. தெருமுனையில் காய்கறி வண்டி வந்து நிற்கும், தகரத்துக்கு மேலாகப் பை கைமாறும்.

இந்த நிலைமையைக் கண்முன் வைத்துப் பார்த்தால், முதல் சில வார முடக்கத்துக்கு ஆதரவான வாதம் வலுவானது. நோய் எப்படிப் பரவுகிறது, யாரைக் கொல்லும் என்பது சரியாகத் தெரியாத நேரம். ஆண்டு தொடக்கத்தில் இந்தியா முழுவதற்கும் இந்தக் கிருமியைக் கண்டறியும் ஆய்வகம் புனேயில் ஒன்றுதான் இருந்தது. மருத்துவர்கள் அணியும் முழுக் கவச உடை உள்நாட்டில் தயாராகவே இல்லை. மே மாதக் கடைசிக்குள் நாளொன்றுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரிக்கும் நிலை வந்தது. இந்த இடைவெளியை முடக்கம்தான் வாங்கித் தந்தது. இத்தாலியின் வட பகுதி மருத்துவமனைகளில் அந்த மார்ச்சில் நடந்தது தென்காசி அரசு மருத்துவமனையில் நடந்திருந்தால் தாங்கியிருக்க முடியாது.

வாங்கிய நேரம் எவ்வளவு என்பதில்தான் சர்ச்சை. தமிழ்நாட்டின் மொத்த நோயாளிகள் 2020 மார்ச் 31 அன்று 124. ஏப்ரல் 30 அன்று 2,323. மே 31 அன்று 22,333. ஜூன் 30 அன்று 90,167. இந்த நான்கு எண்களையும் இரு தரப்பும் கையில் எடுக்கின்றன. முடக்கம் இருந்தும் நோய் வளர்ந்ததே என்கிறது ஒரு தரப்பு. முடக்கம் இல்லாவிட்டால் ஜூன் மாத எண் ஏப்ரலிலேயே வந்திருக்கும் என்கிறது மற்றது. முடக்கத்தால் 14 லட்சம் முதல் 29 லட்சம் வரை தொற்றுகளும், 37,000 முதல் 78,000 வரை மரணங்களும் தவிர்க்கப்பட்டதாக மத்திய அரசு சொன்னது; செப்டம்பரில் நாடாளுமன்றத்திலும் சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன் இதே எண்களைக் கூறினார்.

இப்படிப்பட்ட எண்கள் எப்படிப் பிறக்கின்றன? நடந்ததை எண்ணலாம், நடக்காமல் போனதை எண்ண முடியாது. ஆகவே முடக்கம் இல்லாத ஒரு கற்பனை நாட்டைக் கணிதத்தில் கட்டி, அங்கு இறந்திருப்போரைக் கணக்கிட்டு, உண்மையில் இறந்தோரைக் கழிக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நீல் ஃபெர்குசன் குழு 2020 மார்ச் 16 அன்று வெளியிட்ட அறிக்கை, எதுவுமே செய்யாவிட்டால் பிரிட்டனில் 5 லட்சத்துக்கு மேலும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறப்பார்கள் என்றது. பல அரசுகளைக் கதவடைக்க வைத்த அறிக்கை அது. அந்தக் கற்பனை நாட்டில் ஒரு குறை உண்டு. அங்கு மக்கள் பயப்படுவதில்லை. உண்மையில், பக்கத்துத் தெருவில் ஒருவர் இறந்தால் எந்த உத்தரவும் வருமுன்பே ஊர் தானாக அடங்கும். கல்யாணத்துக்குப் போகாது, துக்கத்துக்கும் யோசித்துத்தான் போகும். மக்கள் தாமாகச் செய்த அடக்கத்தையும் அரசு உத்தரவு செய்த அடக்கத்தையும் பிரித்து எடுப்பதுதான் இந்த ஆராய்ச்சி முழுவதிலும் கடினமான வேலை.

அந்தப் பிரிப்பைச் செய்பவரைப் பொறுத்து விடை மாறுகிறது. இம்பீரியல் குழுவே 2020 ஜூனில் வெளியிட்ட ஆய்வு, பதினோர் ஐரோப்பிய நாடுகளில் 31 லட்சம் உயிர்களைக் கட்டுப்பாடுகள் காப்பாற்றியதாகக் கணித்தது. ஹெர்பி, யோனுங், ஹாங்கே என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2022 ஜனவரியில் பல ஆய்வுகளைத் தொகுத்து, அந்த முதல் அலையில் முடக்கத்தால் குறைந்த மரணம் வெறும் 0.2 விழுக்காடு என்றார்கள். அவர்கள் ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்த முறையைத் தொற்றுநோயியலாளர்கள் கடுமையாக விமர்சித்தனர், பின்னர் அவர்களே எண்ணைத் திருத்தினார்கள். பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2023 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சலித்துவிட்டு, கட்டுப்பாடுகள் பரவலைக் குறைத்தன, பலவற்றைச் சேர்த்து, தொற்று குறைவாக இருக்கும்போதே செய்தால் நன்றாகக் குறைத்தன என்று முடிவு சொன்னது. ஆனால் அந்த அறிக்கை பார்த்தது பரவலை மட்டும்தான். வயிற்றுப்பாட்டையும் பள்ளியையும் அது எடைபோடவில்லை.

நாடுகளை ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். நியூசிலாந்து இந்தியா அடைத்த அதே நாளில் அடைத்தது. எல்லையை மூடி, வேலை போகாமலிருக்க ஊதிய மானியம் கொடுத்து, நோயை உள்ளே நிற்கவிடாமல் செய்து, ஒரு மாதத்தில் கடும் முடக்கத்தைத் தளர்த்தியது. கடலால் சூழப்பட்ட சிறு தேசத்துக்கு அது முடிந்தது. ஸ்வீடன் வேறு வழியில் போனது. அரசுத் தொற்றுநோயியலாளர் ஆண்டர்ஸ் தெக்னெல் வழிகாட்டுதலில் சிறு குழந்தைகளின் பள்ளிகளைத் திறந்தே வைத்தது, கடைகளை மூடவில்லை, ஆனால் 50 பேருக்கு மேல் கூடத் தடை விதித்தது. 2020-இல் அண்டை நாடுகளான நார்வே, பின்லாந்தைவிடப் பல மடங்கு பேர் அங்கு இறந்தார்கள், குறிப்பாக முதியோர் இல்லங்களில். 2020 முதல் 2022 வரை மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, வழக்கத்துக்கு மேலான இறப்பு ஐரோப்பாவிலேயே குறைவாக இருந்த நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. அந்நாட்டின் விசாரணை ஆணையம் 2022 பிப்ரவரியில் கொடுத்த தீர்ப்பு நேர்மையானது: கட்டாயப்படுத்தாமல் அறிவுரையை நம்பியது அடிப்படையில் சரி; ஆனால் தொடக்கத்தில் இன்னும் விரைவாக, இன்னும் உறுதியாகச் செயல்பட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் பாடம் ஸ்வீடனில் இல்லை. பெருவில் இருக்கிறது. தென் அமெரிக்க நாடான பெரு 2020 மார்ச் 16 அன்றே ராணுவத்தைத் தெருவில் இறக்கிக் கடுமையாக அடைத்தது. ஆனாலும் மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அதிகம் பேர் இறந்த நாடுகளில் அது முன்வரிசைக்கு வந்தது. ஏழை வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, அன்றாடம் சந்தைக்குப் போனால்தான் உலை கொதிக்கும். தினக்கூலிக்காரர் வீட்டில் இருக்க முடியாது. அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்க வங்கி வாசலில் நெரிசல். ஊரை அடைத்ததும் மக்கள் குறைவான இடங்களில் அதிகமாகக் கூடினார்கள்.

சென்னை கோயம்பேடு சந்தையில் நடந்ததும் அதுவே. சென்னை, மதுரை, கோவை உள்ளிட்ட மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் கடைகளே திறக்காத தீவிர முடக்கம் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய நாள் காய்கறி வாங்கக் கூட்டம் அலைமோதியது. சந்தையில் வேரூன்றிய தொற்று, ஊர் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளிகளோடும் லாரிகளோடும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று பரவியது. மே 5 அன்று சந்தையே மூடப்பட்டது. கடுமையைக் கூட்டினால் பாதுகாப்பும் கூடும் என்ற எளிய கணக்கு அங்கே பொய்த்தது. ஜூன் கடைசியில் முதலமைச்சருக்கு ஆலோசனை சொன்ன மருத்துவ நிபுணர் குழுவே, மாநிலம் முழுமைக்குமான பொது முடக்கத்தை நீட்டிக்கத் தாங்கள் பரிந்துரைக்கவில்லை, தொற்று உள்ள இடத்தைக் குறிவைத்துச் செயல்பட வேண்டும் என்றது. ஆயினும் நீட்டிப்பு தொடர்ந்தது.

விலை கொடுத்தவர்கள் யார் என்பதைப் பார்க்கத் தென்காசி மாவட்டத்தில் எந்தத் தெருவுக்கும் போகலாம். கடையம், ஆலங்குளம், கடையநல்லூர் வட்டாரங்களில் வீட்டுக்கு வீடு திண்ணையில் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். கடையில் இலையும் தூளும் எடைபோட்டு வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் எண்ணிக்கைக்குக் கூலி. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வர வேண்டும். கட்டிய பீடி வெளியூருக்குப் போக வேண்டும். மார்ச் 25 அன்று இரண்டும் நின்றன. வீட்டுக்குள்ளேயே இருந்து செய்யும் வேலை, யாரோடும் நெருங்காத வேலை, அதுவும் போயிற்று. சுளகு சுவரில் மாட்டியபடி இருந்தது. அதே நாட்களில் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையிலும் நாட்டின் எத்தனையோ ஊர்களிலும் கணினி வேலை செய்தவர்கள் மடிக்கணினியை விரித்து வைத்து முழுச் சம்பளம் பெற்றார்கள். வீட்டிலிருந்து வேலை என்ற சொல் இரண்டு வீடுகளில் இரண்டு பொருள் தந்தது. இதை யாருடைய குற்றமாகவும் சொல்ல முடியாது. ஆனால் ஊரடங்கை வகுத்தவர்களின் கண்ணில் முதல் வகை வீடு படவே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நாடு முழுதும் அந்த ஏப்ரலில் ஏறத்தாழ 12 கோடிப் பேர் வேலை இழந்ததாக இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது. மே 8 அதிகாலை அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்திருந்த 16 புலம்பெயர் தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். தமிழக அரசு அரிசி அட்டைதாரருக்கு 1,000 ரூபாயும் இலவச ரேஷன் பொருளும் கொடுத்தது. பட்டினியைத் தள்ளிப்போட அந்த அரிசி நிச்சயமாக உதவியது. கடை வாடகைக்கும் கந்துவட்டிக்கும் 1,000 ரூபாய் எந்த மூலைக்கு?

உத்தரவைக் காப்பாற்றும் பொறுப்பு காவல்துறைக்கு விடப்பட்டதால் சுகாதார நடவடிக்கை குற்ற நடவடிக்கையாக மாறியது. மாஸ்க் போடாதவர் நோயாளியாகக் கூடும் என்ற நிலை போய், குற்றவாளி என்ற நிலை வந்தது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரத்துக்குப் பிறகும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கைதானார்கள். காவலில் இருந்த இருவரும் ஜூன் 22 இரவும் மறுநாளும் அடுத்தடுத்து இறந்தார்கள். வழக்கு சிபிஐ வசம் போய்க் காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. கடை அடைக்கும் நேரம் என்ற ஒரு விதி இரண்டு உயிரைத் தின்றது; அந்த ஜூனில் அந்த ஊருக்கு நோயைவிட விதி ஆபத்தாக இருந்தது. மாநிலம் முழுக்க முடக்க விதிகளை மீறியதாகப் பதிவான வழக்குகள் 10 லட்சம். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிடுவதாக முதலமைச்சர் பழனிசாமி 2021 பிப்ரவரி 19 அன்று அறிவித்தது தென்காசி மாவட்டம் கடையநல்லூரில், தேர்தல் பிரச்சார மேடையில். இத்தனை வழக்குகளை ஒரே வீச்சில் கைவிட முடிந்ததே, அவற்றில் பெரும்பாலானவை போடத் தேவையில்லாத வழக்குகள் என்பதற்குச் சாட்சி.

பள்ளிகளின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே இரண்டு உண்மைகள் போதும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2020 மார்ச் நடுவில் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஒன்றாம் வகுப்பை முடிக்காத பிள்ளை, வகுப்பறையில் உட்காராமலேயே மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்ததில், மொழியைவிடக் கணக்கில் இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஆறுதலான செய்தியும் அதே ஆய்வில் உண்டு: பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் கால் பங்கு அளவுக்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலர்களின் மாலை வகுப்புகளால் வந்தது. கொரோனாவால் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்ட வயதினரே மிக நீண்ட காலம் அடைக்கப்பட்டார்கள் என்பது முடக்கத்தின் எந்த ஆதரவாளரும் சரியாகப் பதில் சொல்லாத குறை.

அப்படியென்றால் முதியோரை மட்டும் பாதுகாத்துவிட்டு மற்றவர்களை நடமாட விட்டிருக்கலாமா? 2020 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் என்ற ஊரில் மூன்று பேராசிரியர்கள் இதையே பிரகடனமாக வெளியிட்டார்கள். ஜெய் பட்டாச்சார்யா, சுனேத்ரா குப்தா, மார்ட்டின் குல்டார்ஃப். முதலிருவர் கொல்கத்தாவில் பிறந்தவர்கள். பட்டாச்சார்யா 2025-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் இயக்குநரானார். அடுத்த பத்து நாட்களில் வேறு பல அறிஞர்கள் லான்செட் இதழில் ஜான் ஸ்நோ குறிப்பாணை என்ற பெயரில் மறுத்தார்கள். தென்காசிப் பக்கத்து ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் மறுப்பின் பலம் தெரியும். ஆச்சி, தாத்தா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இரண்டு அறையில். பேரனைத் தெருவில் விட்டுவிட்டு ஆச்சியை எங்கே பிரித்து வைப்பது? பிரித்துப் பாதுகாக்கும் யோசனை, முதியோர் தனி வீட்டில் வாழும் சமூகத்தில் ஓரளவு நடக்கலாம். இங்கே அது சொல்லளவில் நின்றுவிடும். ஆனால் பிரகடனக்காரர்கள் எழுப்பிய கேள்வி, அதாவது இந்த முடக்கத்தின் சுமை ஏழைகள் மீதும் குழந்தைகள் மீதும் விழுகிறது என்பது, சரியானது. விடை தவறானதால் கேள்வியையும் சேர்த்து ஒதுக்கியது விவாதத்துக்கு நேர்ந்த இழப்பு.

2021 மே மாத நிலைமை வேறு. டெல்டா வகைக் கிருமி பரவி, மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி, ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்த நாட்கள் அவை. மே 7 அன்று பதவியேற்ற மு.க. ஸ்டாலின் அரசு மே 10 முதல் முழு முடக்கம் அறிவித்தது, மே 24 முதல் அதை மேலும் இறுக்கியது. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேர் என்று உச்சம் தொட்ட தொற்று, ஜூன் நடுவில் 12,000 அளவுக்கு இறங்கியது. இந்த முடக்கம் ஏறத்தாழ ஒரு மாதம் முழுமையாக நீடித்துப் படிப்படியாகத் தளர்ந்தது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இரு தவணையாக 4,000 ரூபாய் சென்றது. இறங்கியதற்கு முடக்கம் மட்டும் காரணம் இல்லை. அந்த ஜூன், ஜூலையில் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் மாநில மக்களில் 66.2 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தது; தென்காசியை ஒட்டிய விருதுநகர் மாவட்டத்தில் 84 விழுக்காடு. தடுப்பூசி கொஞ்சம், தொற்று மிச்சம் என்று அலை பற்ற ஆளில்லாமலும் தணிந்தது. எனினும் ஆக்சிஜன் படுக்கை இல்லாத அந்த இரண்டு மூன்று வாரங்களில், நாளொன்றுக்குச் சில ஆயிரம் தொற்றைத் தள்ளிப்போட்டாலே அது உயிர். 2020-இன் நீண்ட முடக்கத்தைவிட 2021 மே மாத முடக்கத்துக்கு நியாயம் அதிகம் என்று கொள்ள இதுவே காரணம்.

இனி அருவிக்கு வரலாம். திறந்த வெளியில், காற்றோட்டத்தில் இந்தக் கிருமி பரவும் வாய்ப்பு மூடிய அறையைவிட மிகக் குறைவு என்பது 2020 நடுப்பகுதியிலேயே தெரிந்துவிட்டது. அருவிக்கடியில் நிற்பவரின் ஆபத்து தண்ணீரில் இல்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமை பேரருவியைப் பார்த்தவருக்குத் தெரியும்: தோளோடு தோள் உரசி வரிசை, உடை மாற்றும் அறையில் நெரிசல், வேனில் இருபது பேர், விடுதி அறையில் எட்டுப் பேர். மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வரும் கூட்டம் ஓர் ஊரில் கலந்து பிரிந்தால் கிருமிக்கு அது நல்ல சந்தை. ஆகவே 2020 ஆனி ஆடியில் அருவியை மூடியதில் தவறு காண முடியாது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே இ-பாஸ் தேவைப்பட்ட நேரம் அது.

கேள்வி அதற்குப் பிறகுதான். 2020 மே 16 முதல் டாஸ்மாக் கடைகள் திறந்திருந்தன. செப்டம்பர் 1 அன்று கோயில்கள் திறந்தன, இ-பாஸ் போனது, விடுதிகள் இயங்கின. நவம்பர் 10 அன்று குளிரூட்டிய சினிமாக் கொட்டகைகளும் திறந்தன. திறந்த வெளி அருவி டிசம்பர் நடுவில் திறந்தது. 2021-இல் வேறுபாடு இன்னும் கூர்மையானது: ஆகஸ்ட் 23 அன்று திரையரங்குகளும் கடற்கரைகளும் திறக்க, குற்றாலம் டிசம்பர் 20 வரை காத்திருந்தது. ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று எண்ணிவிடும் முறை டிசம்பரில் முடிந்தது என்றால் ஆவணிக் கடைசியிலும் முடிந்திருக்கும். அதைச் செய்யாததற்குக் காரணம் நோய்க் கணக்கில் இல்லை. மூடிய கதவை மூடியே வைப்பதில் எந்த அதிகாரிக்கும் ஆபத்து இல்லை. திறந்த பிறகு தொற்று கூடினால் பதில் சொல்ல வேண்டும். துண்டு விற்பவரும் எண்ணெய் தேய்ப்பவரும் சென்னையில் குரல் உள்ளவர்கள் இல்லை. மதுக்கடை வருவாய் அரசுக்கு வந்தது; அருவிக்கரை வருவாய் பழக்கூடைக்காரருக்கு வந்தது.

ஊரடங்கு தேவையா என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், அதனால்தான் ஒரே விடை கிடைப்பதில்லை. 2020 மார்ச் கடைசியில் மூன்று, நான்கு வாரம் அடைத்ததற்கும், 2021 மே மாதம் அடைத்ததற்கும் தாங்கும் காரணம் இருந்தது. நான்கு மணி நேர அவகாசத்துக்கும், பீடிச் சுளகை நிறுத்தியதற்கும், சிறு பிள்ளைகளைப் பத்தொன்பது மாதம் வீட்டில் வைத்ததற்கும், லத்தியை மருந்தாக நினைத்ததற்கும் காரணம் இருக்கவில்லை. இறந்தோர் எண்ணிக்கையே இன்னும் முடிவாகாதபோது இந்தக் கணக்கும் முழுதாக முடியாது: இந்தியாவின் அதிகாரபூர்வ எண் 5 லட்சத்துச் சொச்சம், 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் வழக்கத்துக்கு மேலான இறப்பு 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது, மத்திய அரசு அதை ஏற்கவில்லை. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து முடக்கம் போதவில்லை என்றும் சொல்லலாம், பயன்படவில்லை என்றும் சொல்லலாம்.

2021 டிசம்பரில் அருவிகள் திறந்தபோது காலையிலேயே ஆட்கள் வந்து நின்றார்கள். கடைகளின் தார்ப்பாய்கள் அவிழ்ந்தன, ஐயப்ப பக்தர்களின் கறுப்பு வேட்டிகள் ஈரத்தோடு படிகளில் ஏறின. அது சாரல் காலம் இல்லை. ஆனி ஆடிச் சாரலில், கூட்டத்தோடு, பேரருவிக்கு அடியில் ஆட்கள் நின்று குளித்தது 2022-இல். அதற்கு முந்தைய முழுச் சீசன் 2019.